அடுத்தவர் ஆபத்துக்கு நான் கட்டும் பணம்

காப்பீட்டுக் கம்பெனியை மாற்றுவதில் அறம் சார்ந்த கேள்வி என்ன இருக்கிறது என்று கேட்கலாம். சேரம்பாடியில் தக்காளி விலை கூடினால் சுல்தான் பத்தேரி போகும்போது வாங்கி வருகிறோம். கடைக்காரர் அதற்காகக் கோபித்துக்கொள்வதில்லை. பிரீமியம் கூடினால் வேறு கம்பெனி. இதில் யோசிக்க என்ன?

ஆனால் தக்காளிக்கும் பாலிசிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. தக்காளிக்குக் காசு கொடுத்தால் பை கனக்கும். பாலிசிக்குக் காசு கொடுத்துவிட்டு, வாங்கிய பொருள் தேவைப்படவே கூடாது என்று வேண்டிக்கொள்கிறோம். எட்டு வருடமாக என் காருக்குப் பணம் கட்டுகிறேன், ஒருமுறைகூட க்ளெய்ம் எடுத்ததில்லை. அந்தப் பணமெல்லாம் எங்கே போயிற்று? ஒரு பங்கு கம்பெனியின் செலவுக்கும் லாபத்துக்கும் போயிருக்கும். மீதி, எனக்கு முகம் தெரியாத யாரோ ஒருவரின் நசுங்கிய கதவுக்கும், இன்னொருவரின் ஆஸ்பத்திரி பில்லுக்கும், விபத்தில் ஆளை இழந்த ஏதோ ஒரு குடும்பத்துக்கும் போயிருக்கிறது. அப்படியென்றால் நான் கம்பெனியை விட்டு விலகும்போது உண்மையில் யாரை விட்டு விலகுகிறேன்?

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 1200 சிசி கார், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. சென்ற ஆண்டு 7,840 ரூபாய் கட்டினேன். இந்த ஆண்டு புதுப்பிக்கும் நோட்டீஸில் 9,410. வண்டிக்கு ஒரு வயது கூடியிருக்கிறது, அதனால் ஐ.டி.வி., அதாவது வண்டி மொத்தமாகப் போனால் அவர்கள் தரும் தொகை, குறைந்திருக்கிறது. தருவது குறையும், வாங்குவது கூடும். டோல் ஃப்ரீ எண்ணில் கேட்டால் "சிஸ்டம்ல அப்படித்தான் காட்டுது சார்" என்றார் ஒரு பெண். பாவம், அவரிடம் வேறு என்ன பதில் இருக்கும்? அன்றிரவே இன்னொரு கம்பெனியின் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தேன். அதே கார், அதே ஐ.டி.வி., 50 சதவீத நோ க்ளெய்ம் போனஸ் அப்படியே தொடரும். 6,980 ரூபாய்.

இந்த வசதி எப்போதும் இருந்ததல்ல. 1973 ஜனவரி 1 முதல் நாட்டிலிருந்த 107 பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் நான்கு அரசு நிறுவனங்களாகச் சேர்க்கப்பட்டன. 2000க்குப் பிறகு தனியார் வந்தார்கள். அப்போதும் வாகனக் காப்பீட்டுக்கு எல்லோருக்கும் ஒரே கட்டணப் பட்டியல்தான். 2007 ஜனவரி 1 அன்று அந்தப் பட்டியல் விலக்கப்பட்ட பிறகுதான் "டிஸ்கவுண்ட் எவ்ளோ?" என்ற கேள்வியே பிறந்தது. என் அப்பா தன் ஸ்கூட்டருக்கு யாரிடம் பாலிசி எடுப்பது என்று யோசித்ததே கிடையாது. எங்கே போனாலும் ஒரே விலை என்கிறபோது விசுவாசத்துக்குச் செலவில்லை.

இன்று செலவு இருக்கிறது. அதை யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டும் வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் காப்பீட்டுத் துறையைக் கண்காணிக்கும் ஃபைனான்ஷியல் கண்டக்ட் அத்தாரிட்டி, வீட்டுக் காப்பீட்டையும் கார் காப்பீட்டையும் ஆராய்ந்தது. புதிதாக வருபவருக்கு விலையைக் குறைத்துக் கொடுத்து, அவர் வேறெங்கும் போகமாட்டார் என்று தெரிந்ததும் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது அங்கே பழக்கம். அதற்குப் பெயர் பிரைஸ் வாக்கிங். கையைப் பிடித்து மாடிப்படி ஏற்றுவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 2018இல் மட்டும் அறுபது லட்சம் பேர் தங்கள் ஆபத்துக்கு உரிய சராசரி விலையைவிட மொத்தமாக 120 கோடி பவுண்டு கூடுதலாகக் கட்டியதாக அந்த ஆய்வு சொன்னது. 2022 ஜனவரி 1 முதல், புதுப்பிப்பவரிடம் அதே நிலையிலுள்ள புதியவரைவிட அதிகம் வாங்கக் கூடாது என்று தடையே போட்டுவிட்டார்கள்.

இதைப் படித்த பிறகு கம்பெனிக்கு நான் விசுவாசம் கடன்பட்டிருக்கிறேனா என்ற கேள்வி எனக்குச் சீக்கிரம் முடிந்துவிட்டது. அரிஸ்டாட்டில் 'நிகோமாகியன் எதிக்ஸ்' எட்டாம் நூலில் நட்பை மூன்று வகையாகப் பிரிக்கிறார். அதில் ஒன்று பயன் கருதிய நட்பு. பயன் தீர்ந்தால் அது கலையும், அதில் துரோகம் எதுவும் இல்லை. காப்பீட்டுக் கம்பெனியோடு நமக்கிருப்பது அந்த வகையிலும் கடைசி வரிசை. நான் தங்கியிருப்பதை நன்றியாகப் பார்க்காமல், விலை ஏற்றத் தோதான பலவீனமாகப் பார்க்கிற ஒன்றிடம் நன்றிக்கடன் என்று பேசுவது, செய்ந்நன்றி என்ற சொல்லையே மலிவாக்குவது.

ஆனால் கம்பெனி மட்டுமா இருக்கிறது?

முதலில் ஏஜெண்ட் அண்ணன். பந்தலூரில் இருக்கிறார். அப்பாவின் ஸ்கூட்டர் காலத்திலிருந்து எங்கள் வீட்டுப் பாலிசிகளெல்லாம் அவர் எழுதியவை. அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டிய 2019 ஆகஸ்டில், எங்கள் பக்கமும் கரண்ட் இல்லை, டவர் இல்லை. பக்கத்து வீட்டு ஜீப் மேல் சில்வர் ஓக் விழுந்துவிட்டது. மனிதர் பாதி வழி நடந்தே வந்து, மரத்தை அறுப்பதற்கு முன்னால் நான்கு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். "அறுத்துட்டீங்கன்னா சர்வேயர் நம்ப மாட்டாரு தம்பி, அதான் ஓடி வந்தேன்." இது எந்தப் பாலிசித் தாளிலும் எழுதப்பட்ட சேவை இல்லை. ஏஜெண்ட் லைசென்ஸில் ஒருவர் ஒரேயொரு பொதுக் காப்பீட்டு நிறுவனத்துக்குத்தான் வேலை செய்ய முடியும். நான் கம்பெனி மாறினால் அவரும் போய்விடுவார். மாறுவதால் எனக்கு மிச்சமாகும் 2,430 ரூபாயில் அவருடைய கமிஷனும் ஒரு துண்டு.

அவரைவிட மங்கலாகத் தெரிகிறவர்கள் அந்தக் கம்பெனியில் மிச்சமிருக்கப் போகிறவர்கள். ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் எழுதிய 'எக்ஸிட், வாய்ஸ், அண்ட் லாயல்டி' என்ற சிறிய புத்தகம் இதைத்தான் பேசுகிறது. ஓர் அமைப்பு கெட்டுப்போனால் நமக்கு இரண்டு வழிகள்: வெளியேறலாம், அல்லது உள்ளேயே இருந்து குரல் கொடுக்கலாம். அவருக்கு இந்த யோசனையைத் தந்தது நைஜீரிய ரயில்வே. லாரிப் போக்குவரத்து போட்டிக்கு வந்தும் ரயில்வே திருந்தவில்லை. ஏன்? சத்தம் போடக்கூடியவர்கள் எல்லோரும் லாரிக்குப் போய்விட்டார்கள். ரயிலில் மிஞ்சியவர்களின் புகார் யாருக்கும் கேட்கவில்லை.

எங்கள் ஊரில் பொருத்திப் பார்க்கிறேன். போனில் நாலு தளங்களைத் திறந்து விலையை ஒப்பிடத் தெரிந்தவன் போய்விடுவான். மிஞ்சுவது, நோட்டீஸ் வந்தால் அதிலுள்ள தொகையை அப்படியே எடுத்துக்கொண்டு பந்தலூர் போகிற ரிட்டையர்டு ஆட்கள், பதினைந்து வருடம் ஓடிய வண்டியை வேறு யாரும் ஏற்றுக்கொள்ளாதவர்கள். நான் தங்கியிருந்து குரல் கொடுத்தால் அவர்களுக்கு ஏதாவது நடக்குமா? டோல் ஃப்ரீயில் கொடுத்த குரலுக்குக் கிடைத்த பதிலை மேலே சொல்லிவிட்டேன். ஹிர்ஷ்மன் சொல்வது சரிதான், ஆனால் அவர் சொல்லும் குரலுக்குக் கேட்கிற காது ஒன்று வேண்டும்.

இதைவிட என்னை உறுத்தியது வேறு. "நான் ஒழுங்காக ஓட்டுகிறேன், எட்டு வருடமாக ஒரு கீறல் இல்லை, என் ஆபத்துக்கு உரிய விலையை மட்டும் என்னிடம் வாங்கு" என்பதுதான் என் கோரிக்கையின் சாரம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இதே வாக்கியத்தை அப்பாயிக்கு முன்னால் சொல்லிப் பார்த்தேன்.

அப்பாயி இலங்கையின் மலையகத்தில் பிறந்தவர். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஒருவர். தாயகம் திரும்பியோருக்காக 1968இல் வனத்துறை ஆரம்பித்து, 1976இல் டான்டீ என்ற அரசு நிறுவனமாக ஆன தேயிலைத் தோட்டத்தில், இதே சேரங்கோட்டில், கொழுந்து எடுத்தார். அங்கே லயத்தில் இருந்த மரணாதாரச் சங்கப் பழக்கத்தை இங்கேயும் கொண்டுவந்திருந்தார்கள். மாதம் வீட்டுக்கு இவ்வளவு. சாவு விழுந்தால் அந்த வீட்டுக்கு அதிலிருந்து பணம். பிறகு யானை சுவரை உடைத்தாலும் அதிலிருந்தே கொடுக்க ஆரம்பித்தார்கள். கிழவர்கள் இருக்கும் வீடும் இளசுகள் இருக்கும் வீடும் ஒரே தொகை. நடு லயமும் காட்டோரத்துக் கடைசி லயமும் ஒரே தொகை.

"நடு லயத்துல இருந்தவங்க யாரும் கேக்கலையா அப்பாயி, நாங்க ஏன் அவ்வளவு கட்டணும்னு?"

"கடைசி லயத்துக்காரன் வருசத்துக்கு ரெண்டு தடவகூட வாங்குவான். அரிசி வாசத்துக்கு ஆன வந்துரும். நாங்க பதினஞ்சு வருசமா வாங்குனதே இல்ல. அதுக்காக அவங்கிட்ட கூடக் கேக்க முடியுமா? அவனா போயி காட்டோரம் வீடு கேட்டான்? குடுத்த வீட்டுல இருக்கான்."

அரசியல் தத்துவத்தில் இதற்கு ஒரு பேர் இருக்கிறது. ரொனால்ட் ட்வார்கின் 1981இல் சமத்துவம் பற்றி எழுதிய கட்டுரையில் அதிர்ஷ்டத்தை இரண்டாகப் பிரித்தார். தெரிந்தே சூதாடித் தோற்பது ஒன்று. தலையில் எரிகல் விழுவதுபோல நம் தேர்வு எதுவுமில்லாமல் வந்து சேர்வது இன்னொன்று. முதல் வகையைக் கணக்கில் வைத்து ஒருவரிடம் கூடுதலாக வாங்கலாம், இரண்டாவதற்கு அவரைப் பொறுப்பாக்குவது நியாயமில்லை. காப்பீடு என்பது இரண்டாம் வகையை முதல் வகையாக மாற்றித் தரும் பாலம் என்றும் அவர் சொன்னார். பாலம் இருந்தும் ஏறவில்லை என்றால் அது உன் தேர்வு. அப்பாயி அந்தப் பாலத்தைக் கட்டுவதற்குக் காசு எப்படி வசூலிப்பது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டார் என்று எனக்குத் தோன்றியது.

என் நிலைமை சிக்கலாவது வீட்டில்தான். அப்பா ரிட்டையர்டு ஆன பணத்தில் பட்டா நிலம் கொஞ்சம் வாங்கிக் கட்டிய வீடு. மாடி எடுக்க நான் வங்கிக் கடன் வாங்கியபோது ஏஜெண்ட் அண்ணன் பாரத் கிருஹ ரக்‌ஷா போட்டுக் கொடுத்தார். 2021 ஏப்ரல் முதல் எல்லாக் கம்பெனிகளும் ஒரே வாசகங்களோடு விற்க வேண்டிய பாலிசி அது. தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம், நிலச்சரிவு எல்லாம் அடக்கம். வீட்டுச் சாமான்களுக்குத் தனிப் பட்டியல் தராமலேயே கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் பத்து லட்சம் வரை பாதுகாப்பு. பழைய தீக் காப்பீட்டுப் பாலிசியில் ஒரு விதி உண்டு: ரயிலோ, வாகனமோ, விலங்கோ மோதிச் சேதமானால் பணம் தரப்படும், ஆனால் அந்த விலங்கு பாலிசிதாரருக்குச் சொந்தமானதாக இருக்கக் கூடாது. எங்கள் ஊரில் இதைப் படித்துக் காட்டினால் சிரிப்பார்கள். நல்லவேளை, கொல்லையில் பலாப்பழம் தின்ன வருகிற யானை எனக்குச் சொந்தமில்லை என்று நிரூபிப்பது சுலபம்.

வீட்டுப் பாலிசியும் ஏறியிருந்தது, 1,150இலிருந்து 1,480. அதையும் மாற்றிவிடலாமா என்று இன்னொரு தளத்தில் தேடியபோது ஒரு சோதனை செய்தேன். எங்கள் பின்கோடுக்குப் பதில் சமவெளியில் ஓர் ஊரின் பின்கோடைப் போட்டுப் பார்த்தேன். தொகை பெரிதாக மாறவில்லை. இந்த வீட்டுக்குப் பின்னால் சரிவு இருக்கிறது, ஜூன் மாதத்தில் இங்கே எப்படி மழை பெய்யும், யானை எந்த வழியாக இறங்கும் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வந்ததாகத் தெரியவில்லை. அதாவது மழையே பார்க்காத ஊரில் தட்டையான தரையில் வீடு கட்டியிருக்கும் யாரோ ஒருவர், என் சரிவுக்கும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

எல்லை தாண்டினால் வயநாடு. 2024 ஜூலை 30 விடியற்காலையில் முண்டக்கையும் சூரல்மலையும் சேற்றில் போனபோது இருநூறுக்கும் அதிகமானவர்கள் செத்தார்கள். அதுவும் எங்களுடையதைப் போலத் தேயிலைத் தோட்டமும் லயமும் உள்ள நிலம்தான். அன்றிலிருந்து எங்கள் ஊரில் மழை இரவுகளில் யாரும் முழுதாகத் தூங்குவதில்லை. ஒவ்வொரு சரிவுக்கும் ஒவ்வொரு விலை போடுகிற அளவுக்கு அந்தத் தளங்கள் புத்திசாலியாகிவிட்டால், என் 1,480 என்னவாகும்? கலிஃபோர்னியாவில் பார்த்துவிட்டோம். 2023 மே மாதம் ஸ்டேட் ஃபார்ம் அங்கே வீடுகளுக்குப் புதிய பாலிசி எழுதுவதையே நிறுத்தியது. அடுத்த ஆண்டு சுமார் 72,000 பாலிசிகளைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று அறிவித்தது. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் எரிந்தது. வாடிக்கையாளர் கம்பெனியை மாற்றுவதைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். கம்பெனியும் வாடிக்கையாளரை மாற்றும்.

ஆக, காரில் நான் நடு லயத்துக்காரன், வீட்டில் கடைசி லயத்துக்காரன். காருக்கு "என் ஆபத்துக்கு உரிய விலை" கேட்கிறேன், வீட்டுக்கு அந்தப் பேச்சை யாரும் எடுக்காமலிருந்தால் தேவலை என்று நினைக்கிறேன். இரண்டையும் ஒரே வாயால் சொல்ல முடியாது.

வீட்டுக்குப் பாலிசியாவது இருக்கிறதே என்றும் சொல்ல வேண்டும். 1969ஆம் ஆண்டின் கூடலூர் ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தில், 17ஆம் பிரிவில் மாட்டிக்கொண்ட நிலங்களில் தலைமுறைகளாக வாழ்கிறவர்களுக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லையென்றால் வீட்டுக்கடன் இல்லை. எங்கள் பக்கம் வீட்டுக் காப்பீடு என்பது பெரும்பாலும் கடனோடு ஒட்டிக்கொண்டு வருவதால், அதுவும் இல்லை. எந்தக் கம்பெனிக்கு மாறுவது என்று குழம்பவே ஒரு கொடுப்பினை வேண்டும்.

இந்தக் குழப்பத்தில் எனக்கு உதவியது நோட்டீஸைப் பிரித்துப் படித்ததுதான். வாகன பிரீமியத்தில் இரண்டு பகுதிகள். ஒன்று என் வண்டிக்கு வரும் சேதத்துக்கு. இன்னொன்று தேர்ட் பார்ட்டி, என் வண்டியால் அடுத்தவருக்கு நேர்வதற்கு. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு கட்டாயமாக்கியிருப்பது இந்த இரண்டாவதை மட்டும்தான். விலையை அரசு நிர்ணயிக்கிறது. 1000 முதல் 1500 சிசி வரையிலான காருக்கு 2022 ஜூன் 1 முதல் 3,416 ரூபாய். ஜி.எஸ்.டி. சேர்த்தால் 4,031. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் இதே. சென்னையில் ஓட்டினாலும் சேரங்கோட்டில் ஓட்டினாலும் இதே. நோ க்ளெய்ம் போனஸ் இதைத் தொடாது. எட்டு வருடம் கீறல் விழாதவனும் போன மாதம் இடித்தவனும் அடுத்தவர் உயிருக்காக ஒரே தொகை கட்டுகிறார்கள்.

இந்தப் பகுதியைக் கட்டாமல் ஏமாற்றுகிறவர்கள் நிறையப் பேர். அதனால்தான் கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காக 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில், புதுக் காருக்கு மூன்று வருடத்துக்கும் புது டூவீலருக்கு ஐந்து வருடத்துக்கும் தேர்ட் பார்ட்டியைச் சேர்த்தே வாங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2018 செப்டம்பர் 1இலிருந்து அமலுக்கு வந்தது. உடைந்த எலும்புகளைத் தினம் பார்க்கிற ஒருவர் கோர்ட்டுக்குப் போனது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பிரித்த பிறகு மிஞ்சியது இதுதான்: பழைய கம்பெனியில் என் வண்டிக்காக நான் கட்ட வேண்டியது 5,379. புதிய கம்பெனியில் 2,949. நான் மாறினாலும் அந்த 4,031 அப்படியே முகம் தெரியாதவர்களுக்குப் போகும். அப்பாயியின் சங்கம் அந்த ஒரு வரியில் பிழைத்திருக்கிறது. மீதியில் நடப்பது என் பம்பரைப் பற்றிய பேரம். அதில் பேரம் பேச எனக்குக் கூச்சமில்லை.

வாடகை ஜீப் ஓட்டும் பக்கத்து வீட்டு அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவர் வேறு கணக்குச் சொன்னார். மரம் விழுந்த வருடம் வரைதான் ஃபுல் கவர் போட்டிருந்தாராம். இப்போது தேர்ட் பார்ட்டி மட்டும். "ரோட்டுல மண்ணு சரிஞ்சா வண்டி போச்சு, அவ்வளவுதான். ஏத்துன ஆளுங்களுக்கும் எதிர்ல வர்றவங்களுக்கும் இருக்குல்ல, அது போதும்." ஃபுல் கவரை அவர் விரும்பி விட்டாரா, விலை அவரை வெளியே தள்ளிவிட்டதா என்று ட்வார்கினிடம்தான் கேட்க வேண்டும்.

காரை மாற்றினேன். வீட்டுப் பாலிசியை மாற்றவில்லை. அங்கே வித்தியாசம் இருநூறு ரூபாய் சொச்சம். மரம் விழுந்தால் அறுப்பதற்கு முன்னால் ஓடிவரும் மனிதருக்கு அது போகட்டும் என்று விட்டேன். போனில் சொன்னபோது ஏஜெண்ட் அண்ணன் ஒரு நொடி பேசவில்லை. பிறகு, "தேதி முடியறதுக்கு முன்னாடியே புதுசு போட்டுடுங்க தம்பி. ஒருநாள் தள்ளுனாலும் வண்டியைக் கொண்டாந்து காட்டச் சொல்லுவாங்க. தொண்ணூறு நாள் தாண்டுச்சுன்னா போனஸும் போயிரும்" என்றார். அடுத்து வீட்டுப் பாலிசிக்கான விவரங்களைக் கேட்டார். கான்கிரீட்டா, எத்தனை சதுர அடி, கடன் பாக்கி எவ்வளவு. எல்லாம் ஃபாரத்தில் உள்ள கேள்விகள். கடைசியாக ஒன்று கேட்டார், அது ஃபாரத்தில் இல்லை.

"கொல்லையில அந்தப் பலா இன்னும் நிக்குதா?"

"நிக்குதுண்ணே. அப்பாயி வெட்ட விட மாட்டேங்குறாங்க."

"வெட்ட வேணாம். காய் பிஞ்சா இருக்கப்பவே பறிச்சுப்போட்டுருங்க. பழுத்து வாசம் வர விடாதீங்க."